அஞ்சலை அக்காவை நான் கொன்ற சனிக்கிழமை

விளம்பரத்தில் ஒரு பெண்ணை நான் கொன்றிருக்கிறேன். சுகாதாரத் தொடர்புத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. பட வேண்டிய வெட்கத்தையெல்லாம் அன்றைக்கே பட்டுத் தீர்த்துவிட்டேன். என் பிரிவுபசாரக் கூட்டத்தில் உங்களில் ஒருவர் எழுந்து, "டீச்சர், நீங்க செஞ்சதுலயே பெஸ்ட் கெம்பேன் எது?" என்று கேட்டீர்கள். கேக் வெட்ட அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள், ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். அந்தக் கேள்விக்குத்தான் இப்போது உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கோலாலம்பூரில் ஒரு விளம்பர நிறுவனத்தில் ஆறு வருடம் முகப்பவுடரும் சலவைத்தூளும் விற்றுவிட்டு, மலாக்காவில் ஒரு கல்லூரிக்கு விளம்பரமும் மக்கள் தொடர்பும் கற்பிக்க வந்திருந்தேன். வயது முப்பத்துமூன்று. தலைக்கனம் அதைவிட அதிகம். எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நானும் நம்பி, மாணவர்களையும் நம்ப வைத்திருந்தேன்.

அப்போது டுரியான் துங்காலைத் தாண்டி, அணைக்கட்டுப் பக்கம் இருந்த ஒரு தோட்டத்தில் பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனை செய்ய ஒரு தாதியர் குழு பாடுபட்டுக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வேனில் வந்து, தோட்ட மண்டபத்தில் திரை கட்டிக் காத்திருப்பார்கள். முதல் தடவை இரண்டே பேர் வந்தார்கள். ஒருவருக்குத் தலைவலி மாத்திரை வேண்டியிருந்தது. மற்றவர் அவருக்குத் துணையாக வந்தவர்.

தாதியை இங்கே மிஸ்ஸி என்போம். அந்தக் குழுவின் மிஸ்ஸி ஒரு தமிழ்ப் பெண், பேச்சில் தயவு தாட்சண்யம் பார்க்காதவர். ஒருநாள் நேரே என் அறைக்கு வந்துவிட்டார்.

"டீச்சர், பிள்ளைங்களுக்குப் படிச்சுக் குடுக்குறீங்க இல்ல, எங்களுக்குச் செஞ்சு காட்டுங்க. இன்னொரு தடவ வேன் சும்மா திரும்பிச்சுன்னா வேற எடத்துக்கு மாத்திடுவாங்க. அப்புறம் இந்தப் பொம்பளைங்கள யாரும் எட்டிக்கூடப் பாக்க மாட்டாங்க லா."

முகப்பவுடர் விற்றவளுக்கு இது என்ன பெரிய வேலை என்று ஒப்புக்கொண்டேன். மாணவர்களை வைத்துக் கருப்பையின் வண்ணப்படம் போட்ட ஒரு சுவரொட்டி தயாரித்தோம். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு நடக்கும். ஆணும் பெண்ணும் வரிசையில் நிற்க, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அதை உரக்க வாசித்தார். இரண்டாவது வரியில் நாங்கள் எழுதியிருந்த உறுப்பின் பெயர் வந்ததும் நின்றார், இருமினார், "மீதிய நீங்களே படிச்சுக்குங்க" என்று அலுவலகப் பலகையில் குத்திவிட்டுப் போய்விட்டார். மறுநாள் பார்த்தால் யாரோ படத்தைத் திருப்பிக் குத்தியிருந்தார்கள். கருப்பை பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தது, வெள்ளை முதுகு ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதன் பிறகுதான் மிஸ்ஸி என்னை அஞ்சலை அக்கா வீட்டுக்கு அழைத்துப் போனார். அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது. எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டில் உதிர்ந்த பழம் பொறுக்கும் வேலை. இரண்டு வருடத்துக்கு முன் உதிரப்போக்கு நிற்காமல், யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி டவுனுக்குப் போய்ச் சோதித்திருக்கிறார். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துச் சிகிச்சை செய்துவிட்டார்கள். இப்போது கல்லுப்போல இருந்தார். தோட்டத்தில் இது அவர் புருஷனுக்கும் மகளுக்கும் மிஸ்ஸிக்கும் மட்டுமே தெரியும். அவருடைய படத்தையும் பெயரையும் விளம்பரத்தில் போட அனுமதி கேட்டு மூன்று தடவை நடந்தேன். மூன்றாவது தடவை சொன்னார்:

"தனியாப் போனேன் டீச்சர். போற வழியெல்லாம் கூட ஒருத்தி இருந்தா நல்லாருக்குமேன்னு இருந்துச்சு. என் மூஞ்சியப் போட்டா நாலு பேரு வருவாளுங்கன்னா போடுங்க. ஆனா போட்டா முழுப் பேரப் போடுங்க. அஞ்சலைன்னு மட்டும் போட்டா, அது வேற அஞ்சலைன்னு சொல்லிடுவாளுங்க."

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீடு செங் என்ற ஊரில், பையனுக்கு அங்கேயே தொழிற்சாலையில் வேலை. சம்பந்தி வீட்டுக்கு இந்த நோய் விஷயம் தெரியாது. தாய்க்கு வந்தது மகளுக்கும் வரும் என்று சொல்லியே பெண் பார்த்துவிட்டு வேண்டாமென்று போன வீடுகளை அக்கா கண்டிருக்கிறார். "பேப்பர்ல வர்றதுக்குள்ள நானே நேரம் பாத்துச் சொல்லிடுறேன்" என்றார். சொல்லிவிட்டீர்களா என்று நான் திரும்பக் கேட்கவில்லை. படம் கிடைத்த சந்தோஷம் எனக்கு.

இப்போது என் திறமையைக் கேளுங்கள். விளம்பர நிறுவனத்தில் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேலாளர் ஒரு சூத்திரம் வைத்திருந்தார்: ஒரு முகம், ஒரு வரி, நிறைய வெள்ளை இடம், சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு. அவர் சொன்னால் எனக்கு வேதவாக்கு. அஞ்சலை அக்கா ஸ்டூடியோவில் எடுத்த படம், நெற்றி நிறைய பொட்டு, சிரிப்பில்லாத நேர்ப்பார்வை. மேலே "இவரை உங்களுக்குத் தெரியும்" என்று தலைப்பு. கீழே திருமதி அஞ்சலை முனியாண்டி, வயது 48, தோட்டத்தின் பெயர். அதற்கும் கீழே பொடி எழுத்தில் அவர் சோதித்துக்கொண்டு பிழைத்த கதை. கடைசியில் தடித்த எழுத்தில்: ஞாயிறு காலை 9 மணி, தோட்ட மண்டபம், அனைவரும் வந்து கலந்துகொள்ளுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

கல்லூரிப் பலகையில் ஒட்டிவைத்துத் தள்ளி நின்று பார்த்தேன். எனக்கே கண் கலங்கியது. மாணவர்கள் கைதட்டினார்கள். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று நாலு பேர் பார்த்தோம், ஒன்றுகூட இல்லை. சோதனைக்கு முந்தைய நாளான சனிக்கிழமை, ஒரு தமிழ் நாளிதழில் அது வெளிவந்தது.

அன்று காலை பத்து மணி இருக்கும், வகுப்பில் இருந்தவளைத் தொலைபேசிக்குக் கூப்பிட்டார்கள். மறுமுனையில் மிஸ்ஸி.

"டீச்சர், பேப்பர் பாத்தீங்களா?"

"இன்னும் இல்ல. நல்லா வந்திருக்கா?"

"அலமாக், நல்லா வந்திருக்காவா? அஞ்சலக்கா செத்துட்டாங்கன்னு ஊரே நம்பிடுச்சு. எனக்கே ஒரு நிமிஷம் நெஞ்ச அடைச்சிருச்சு. பக்கத்துத் தோட்டத்துல சாவுக்குப் போக லோரி பேசிட்டாங்க!"

ஓடிப்போய்ப் பேப்பரைப் பிரித்தேன். நம் ஆட்கள் எதைப் படிக்காவிட்டாலும் நினைவஞ்சலிப் பக்கத்தை விடமாட்டார்கள். யார் போய்விட்டார் என்று பார்த்துவிட்டுத்தான் உலகச் செய்திக்கு வருவார்கள். அந்தப் பக்கத்தின் நடுவில் இருந்தது என் விளம்பரம். இடப்பக்கம் ஒரு முதலாமாண்டு நினைவஞ்சலி, வலப்பக்கம் ஒரு கருமக்கிரியை அறிவிப்பு, இரண்டுக்கும் மத்தியில் கறுப்புக் கோட்டுக்குள் அஞ்சலை அக்கா. படம், முழுப் பெயர், வயது, ஊர், வந்து சேர வேண்டிய நேரம். ஒரு சாவு அறிவிப்பில் என்னென்ன இருக்குமோ அத்தனையும் அப்பழுக்கில்லாமல் இருந்தன. பொடி எழுத்தை யார் படிக்கப்போகிறார்கள்? பத்திரிகைக்காரர்களைக் குறை சொல்லவும் வழியில்லை. அதைப் பார்த்தவர் எவரும் அந்தப் பக்கத்தில்தான் வைத்திருப்பார்.

பலகையில் தனியாகப் பார்த்தேனே தவிர, பத்திரிகைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. அதைவிடப் பெரிய தப்பு, அஞ்சலை அக்காவிடமே காட்டவில்லை. காட்டியிருந்தால் ஒரே பார்வையில் சொல்லியிருப்பார்.

எங்கள் துறைத்தலைவர் நல்ல மனிதர்தான், ஆனால் கல்லூரியின் பெயர் என்றால் நடுங்குவார். விஷயத்தைக் கேட்டதும் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார்:

"அச்சுப் பிழைன்னு ஒரு வரி எழுதி நாளைக்குப் போட்டுடலாம்மா. படம் மாறிப்போச்சுன்னு சொல்லிடுங்க. சோதனையத் தள்ளிவைங்க. நீங்க அந்தப் பக்கமே போக வேணாம், அடிச்சுக்கிடிச்சு வைக்கப் போறாங்க."

எனக்கும் போகப் பயமாகத்தான் இருந்தது. அந்தப் பயத்தோடுதான் கார்ச் சாவியை எடுத்தேன். டுரியான் துங்கால் வரைக்கும், என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று வாய்விட்டு ஒத்திகை பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்துக்கு முன்னால் இரண்டு லோரிகள் நின்றன. கோயிலிலிருந்து பெஞ்சு கொண்டுவந்து போட்டிருந்தார்கள். யாரோ புண்ணியவான் கூடாரம்கூடக் கட்ட ஆரம்பித்திருந்தார். அக்காவின் புருஷன் முனியாண்டி வாசலில் நின்று, வருகிறவர்களிடமெல்லாம், "உசிரோடதான் இருக்கா, உள்ள போய்ப் பாருங்க, உசிரோடதான் இருக்கா" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போயிருந்தார்.

உள்ளே, துணி துவைத்த ஈரச் சாரோங்கோடு அஞ்சலை அக்கா நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏழெட்டுப் பெண்கள் அழுதார்கள். லோரியில் ஏறும்போதே ஆரம்பித்த அழுகை, உயிரோடு பார்த்த பிறகும் அவர்களுக்கு நிறுத்த வரவில்லை. என்னைக் கண்டதும் அக்கா தலையைத் தூக்கினார்.

"வாங்க டீச்சர். என்னையக் கொன்னுட்டு நீங்க மட்டும் ஏன் லேட்டு?"

ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது. அவரே என் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனார். அங்கே போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"செங்குலேர்ந்து சம்பந்தியம்மா வந்துக்கிட்டிருக்காங்களாம் டீச்சர். அவங்களும் பேப்பர் பாத்துட்டாங்க. நான் இன்னும் சொல்லல. நாலு தடவ வாயெடுத்தேன், வரல. இப்ப எதுக்குப் படம் வந்துச்சுன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்? எம்புள்ள கல்யாணம் நின்னுபோச்சுன்னா?"

இந்த இடத்தைக் கவனியுங்கள். துறைத்தலைவர் கொடுத்த பொய் என் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் எல்லாம் மூடிவிடும். கல்லூரி தப்பிக்கும், நான் தப்பிப்பேன், கல்யாணமும் நடக்கும். ஆனால் முகம் அவருடையது. அதை வைத்து நான் ஏற்கெனவே ஒரு தடவை அவரிடம் காட்டாமல் விளையாடிவிட்டேன்.

"அக்கா, ரெண்டு வழி இருக்கு. அச்சுப் பிழை, படம் மாறிப்போச்சுன்னு நான் வெளிய போய்ச் சொல்றேன். யாருக்கும் ஒண்ணும் தெரியாது. இல்லன்னா உள்ளதச் சொல்லணும். நீங்க எதச் சொல்றீங்களோ அதுதான். உங்க மேல ஒரு சொல்லு விழாம நான் பாத்துக்குறேன்."

"படம் மாறிப்போச்சுன்னா, நாளைக்கு வேனு?"

"திருப்பி அனுப்பிடணும்."

"அப்புறம் வருமா?"

வரும் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"வராதுக்கா."

அவர் குனிந்து சாரோங்கின் ஈர முனையைப் பிழிந்தார். வெளியே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. சுவர்ப் பலகையிலிருந்து ஒரு புதுத் தட்டை எடுத்தார். மகள் கல்யாணத்துக்கு வீடு வீடாகப் போய் அழைப்பதற்காக வாங்கிவைத்திருந்த தட்டு, அதில் இன்னும் திறக்காத குங்குமச் சிமிழ். அதைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன்.

சம்பந்தியம்மா கையில் பெரிய ரோஜா மாலையோடு வாசற்படியில் வந்து நின்றார். எதிரே செத்தவர் குங்குமத் தட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

"எல்லாரும் அழுதது போதும்" என்றார் அஞ்சலை அக்கா. "சாவுன்னா யாரும் கூப்பிடாமலே லோரி புடிச்சு வந்துட்டீங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எனக்கு அடிவயித்துல புத்துநோய். அப்ப யாரையும் நான் கூப்பிடல. தனியாப் போனேன். சீக்கிரமாப் பாத்ததால பொழச்சேன். அதத்தான் பேப்பர்ல போடச் சொன்னேன். இந்த டீச்சர் போட்ட லட்சணத்துல என்னைய நேரா மேல அனுப்பிட்டாங்க."

யாரும் சிரிக்கவில்லை. எல்லாருடைய கண்ணும் சம்பந்தியம்மாவிடம் போனது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டார் சம்பந்தியம்மா.

"சொன்னா பொண்ணு எடுப்பீங்களா?"

சமையலறை வாசலில் மகள் முகத்தை மூடிக்கொண்டாள். சம்பந்தியம்மா குனிந்து தன் கையிலிருந்த மாலையைப் பார்த்தார். அப்புறம், யாரிடமோ கேட்பதுபோல, "இத இப்ப நான் என்ன செய்யறது?" என்றார்.

"டீச்சர் கழுத்துல போடுங்க சம்பந்தி. கொன்னது அவங்கதான்."

முதலில் வாய்விட்டுச் சிரித்தது சம்பந்தியம்மாதான். அடக்கப் பார்த்து, முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கூடமே சிரித்தது, அழுதுகொண்டிருந்தவர்கள் அழுதபடியே சிரித்தார்கள். அவர் மாலையை வெளியே கொடுத்தனுப்பிவிட்டு, குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து, அக்காவுக்கு முன்னால் நெற்றியைக் காட்டி நின்றார்.

"மொதல்ல எனக்கு வைங்க. நாளைக்கு நானும் வரேன். கல்யாணத்தன்னிக்கு நீங்களும் நல்லா இருக்கணும், நானும் இருக்கணும்ல?"

அக்கா சிமிழைத் திறந்து அள்ளி வைத்தார். குங்குமம் சம்பந்தியம்மாவின் மூக்கிலெல்லாம் கொட்டியது.

அதன்பின் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொரு நெற்றியிலும் வைத்து, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, "நாளைக்கு ஒம்பது மணிக்கு மண்டபத்துக்கு வந்துரு" என்று கல்யாணத்துக்கு அழைப்பதுபோலவே அழைத்தார். நான் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல காரியம் என்றால் நேரில் வந்து குங்குமம் கொடுத்து அழைக்காமல் நம் பெண்கள் எங்கேயும் போவதில்லை. என் அம்மாகூட, தம்பி மனைவி போனில் மட்டும் அழைத்தாள் என்று ஒரு காதுகுத்துக்குப் போகவில்லை. இது தெரிந்தே வளர்ந்தவள் நான். அப்படியிருந்தும் சுவரொட்டி ஒட்டினேன், விளம்பரம் போட்டேன், ஒரு பெண்ணையாவது கூப்பிட்டேனா? இல்லை.

சாவு வீட்டிலிருந்து யாரும் சொல்லிக்கொண்டு கிளம்பமாட்டார்கள். அன்றைக்கு லோரி ஏறும் முன் எல்லாரும் அக்காவிடம் "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கே மண்டபத்தைச் சுற்றி வரிசை. நேற்று வந்த லோரிகள் இரண்டும் திரும்ப வந்திருந்தன. செர்காமிலிருந்து அக்காவின் நாத்தனார் தன் பக்கத்து வீட்டுப் பெண்களைத் திரட்டிக்கொண்டு வந்தார். வரிசையின் முதல் ஆள் செங் சம்பந்தியம்மா. பட்டுச் சேலை கட்டியிருந்தார். அஞ்சலை அக்கா வாசலில் நின்று, "வாங்க வாங்க" என்று வரவேற்றுக்கொண்டிருந்தார். பதினொரு மணிக்கு மிஸ்ஸி திரைக்கு வெளியே தலையை நீட்டி, "டீச்சர், கையுறை பத்தாது லா! டவுனுக்குப் போய் எடுத்துட்டு வாங்க!" என்று கத்தினார். என் வாழ்க்கையில் எத்தனையோ பாராட்டு வாங்கியிருக்கிறேன், அந்தக் கத்தலுக்கு ஈடாக ஒன்றும் கிடைக்கவில்லை. பறந்தேன்.

வேன் அதன் பிறகு அந்தத் தோட்டத்தை விட்டு மாறவில்லை. அன்று சோதித்தவர்களில் மூன்று பேருக்கு மறுபடி வரச்சொல்லிக் கடிதம் வந்தது. மூவரும் சிகிச்சை பெற்றுக் குணமானார்கள். யார் அந்த மூன்று பேர் என்று எனக்குத் தெரியும். பெயரைச் சொன்னால் இந்தக் கதை இன்னும் அழகாக முடியும் என்பதும் தெரியும். சொல்ல மாட்டேன். அவர்கள் யாரும் அனுமதி கொடுக்கவில்லை. சுகாதாரத் தொடர்பில் இருக்கிற உங்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. பந்தியில் எனக்கு இரண்டு பாயசம் கிடைத்தது. மாப்பிள்ளையின் அம்மா என்னை உறவினருக்கெல்லாம், "இவங்கதான் நம்ம சம்பந்தியக் கொன்னவங்க" என்று அறிமுகப்படுத்தினார்.

ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. எங்கள் துறைத்தலைவர், முதலில் பொய் சொல்லச் சொன்ன அதே மனிதர், வரிசையைப் பற்றிக் கேள்விப்பட்டதும் ஓர் அறிக்கை எழுதினார். அதில் நான் இரங்கல் அறிவிப்பின் வடிவத்தைத் துணிச்சலாகக் கையாண்டு சமூகத்தை உலுக்கியதாக இருந்தது. அதை நம்பிக் கோலாலம்பூரில் ஒரு கருத்தரங்கில் பேச அழைத்தார்கள். பெரிய பேராசிரியர் ஒருவர் என் உத்தியை மேடையில் புகழ்ந்து தள்ளினார். எழுந்து நன்றி சொன்னால் போதும், பெயர் நிலைத்துவிடும். ஒரு நிமிடம் ஆசைதான், மறைக்கவில்லை. ஆனால் அந்த உத்தியை நம்பி வேறொருத்தி இன்னோர் ஊரில் இன்னோர் உயிருள்ள பெண்ணைக் கறுப்புக் கோட்டுக்குள் வைத்தால்? அங்கே ஓர் அஞ்சலை அக்கா இல்லாமல் போனால்?

"அது உத்தி இல்லை, என் தவறு" என்று சொன்னேன். "அதைச் சரிசெய்தவர் செம்பனைக் காட்டில் பழம் பொறுக்குகிறார்." அரங்கத்தில் அத்தனை கைகளும் கேள்வி கேட்க உயர்ந்தன. அன்று மாலை வரை என்னை விடவில்லை. மறுவருடத்திலிருந்து என் முதல் வகுப்பில் அந்தப் பத்திரிகைப் பக்கத்தைத்தான் காட்டினேன். இந்த விளம்பரத்தில் என்ன பிழை என்று கேட்டால், புத்திசாலி மாணவர்கள் எழுத்துப்பிழை தேடுவார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் பார்த்தவுடன் கேட்பார்கள்: "ஐயோ, யாரு டீச்சர் செத்தது?" அவர்களை முன்வரிசையில் உட்கார வைப்பேன்.

நீங்கள் என்னைவிட அதிகம் படித்தவர்கள், கையில் கருவிகளும் அதிகம். இருந்தாலும் கேட்கிறேன். எதை வெளியிட்டாலும், அதில் முகம் இருக்கிறவரிடம் முதலில் காட்டுங்கள். தப்பு நடந்தால் அந்த வீட்டுக்கு நேரில் போங்கள். லேட்டாகப் போனாலும் பரவாயில்லை, நான் அப்படித்தான் போனேன்.

அஞ்சலை அக்கா வருடம் தவறாமல் அந்தச் சனிக்கிழமையின் தேதியில் எனக்குப் போன் செய்கிறார். வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது, காது கொஞ்சம் மந்தம், அதனால் கத்துவார்: "டீச்சர், இன்னிக்கு என் நெனைவு நாளு! சாப்பிட்டீங்களா?" போன மாதமும் வந்தது. அவர் வைத்த பிறகு பழைய பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். அதில் மொத்தம் பதினொரு முகங்கள் இருக்கின்றன. அவற்றில் போன் செய்து சாப்பிட்டீங்களா என்று கேட்கிறவர் இவர் ஒருவர்தான்.